கணிப்பொறிப் பாடம்: வட்டின் அமைப்பை மாற்ற விண்டோஸை அழிக்க வேண்டுமா?

அல்சூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பரின் மகள் பொறியியல் படிக்கிறாள். கல்லூரிப் பாடத்துக்காகத் தன் மடிக்கணினியில் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸையும் நிறுவ முயன்றாள். 'ஆர்எஸ்டி' என்னும் இன்டெல் அமைப்பை நிறுத்தினால்தான் மேலே செல்ல முடியும் என்று உபுண்டு நின்றுவிட்டது. அவளும் பயாஸுக்குள் சென்று, 'ரெய்டு' என்றிருந்ததை 'ஏஎச்சிஐ' என்று மாற்றிவிட்டாள். அதன்பின் விண்டோஸ் எழவில்லை. நீலத்திரையில் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற வாசகம் மட்டும் வந்தது.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் காட்டியபோது, "ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டார்களாம். அழாத குறையாக என்னிடம் வந்தாள். "அங்கிள், தாத்தாவோட சதாபிஷேகப் போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. போயிடுச்சா?"

ஒன்றும் போகவில்லை. பயாஸில் மீண்டும் 'ரெய்டு' என்று வைத்தேன். விண்டோஸ் எழுந்தது, படங்களும் அப்படியே இருந்தன. பலருக்கும் பயன்படும் என்பதால் இதன் காரணத்தையும் சரியான முறையையும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இப்படி ஆகிறது?

வட்டுக்கும் கணிப்பொறிக்கும் நடுவே நிற்பது கட்டுப்படுத்தி, அதாவது கன்ட்ரோலர். அது ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு என்று பல முறைகளில் பேசும். இன்டெல் 2004-இல் வெளியிட்ட ஏஎச்சிஐ முறையில், வட்டுக்கான 32 கட்டளைகள் வரை ஒன்றாக வரிசையில் நிற்க முடியும். ஒவ்வொரு முறைக்கும் விண்டோஸுக்குத் தனித்தனி டிரைவர் நிரல் தேவை.

ஊரிலிருந்து பெங்களூர் வந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பால்காரர் தமிழர். அதனால் விடியற்காலையில் எழுந்து பால் வாங்குவது தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி. கன்னடம் தெரிந்த பேரன் உள்ளே தூங்குகிறான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கன்னடம் மட்டும் பேசும் புதுப் பால்காரர் வந்தால் பாட்டி திகைத்து நிற்பார். பேரன் வீட்டில்தான் இருக்கிறான். அவனை யாரும் எழுப்பவில்லை, அவ்வளவே. முதல்நாள் இரவே "காலையில் எல்லோரும் எழுந்திருங்கள்" என்று சொல்லி வைத்திருந்தால் சிக்கல் இல்லை.

விண்டோஸும் இப்படித்தான். புது டிரைவர் அதனுள்ளேயே இருந்தாலும், வழக்கமாகத் தேவைப்படும் டிரைவரை மட்டுமே தொடக்கத்தில் எழுப்பும். 'சேஃப் மோட்' என்பதுதான் அந்த முதல்நாள் சொல். அப்போது விண்டோஸ் தன்னிடமுள்ள அடிப்படை டிரைவர்களைக் கொண்டு புதிய கட்டுப்படுத்தியைக் கண்டுகொள்ளும். மறுமுறையிலிருந்து நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-யில் ஏஎச்சிஐ டிரைவரே கிடையாது. நிறுவும்போது எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து ஏற்ற வேண்டும். "அழித்துவிட்டு மறுபடி போடு" என்ற ஆலோசனை அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. விஸ்டா முதலே விண்டோஸ் இந்த டிரைவருடன்தான் வருகிறது.

செய்முறை (விண்டோஸ் 10, 11)

1. முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் பிரதி எடுங்கள்.

2. பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

3. தேடும் இடத்தில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தட்டித் திறங்கள். 'பூட்' பகுதியில் 'சேஃப் பூட்', 'மினிமல்' இரண்டையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

4. கணிப்பொறியை மறுபடி தொடங்கி பயாஸுக்குள் செல்லுங்கள். பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலிட் விசை. இப்போதுள்ள அமைப்பைக் குறித்துக்கொண்டு, ஏஎச்சிஐ என்று மாற்றிச் சேமியுங்கள்.

5. விண்டோஸ் சேஃப் மோடில் எழும். அங்கே நான்கு இலக்கப் பின் எண் செல்லாமல் போகலாம்; கணக்கின் முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும்.

6. மீண்டும் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'சேஃப் பூட்' குறியை எடுத்துவிட்டு, மறுபடி தொடங்குங்கள்.

இதை மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே எழும். பயப்பட வேண்டாம், குறியை எடுத்தால் சரியாகிவிடும்.

யார் செய்யக்கூடாது?

இரண்டு வட்டுகளை உண்மையிலேயே ரெய்டாக இணைத்து வைத்திருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. தகவல் இரு வட்டுகளிலும் பங்கிட்டு எழுதப்பட்டிருந்தால், இணைப்பை மாற்றியதும் படிக்க முடியாமல் போகும். ஆப்டேன் நினைவகம் உள்ளவர்கள், முதலில் இன்டெல் மென்பொருள் வழியே அதை நிறுத்திய பிறகே மாற்ற வேண்டும்.

எந்த இடத்தில் தடுமாறினாலும் பழைய அமைப்பையே பயாஸில் திரும்ப வையுங்கள். இந்த அமைப்பை மாற்றுவதால் மட்டும் வட்டிலுள்ள எதுவும் அழிவதில்லை. அழிப்பது அதற்குப் பின் அவசரப்பட்டுச் செய்யும் ஃபார்மேட்தான். ஆகவே கடைக்காரர் அந்தச் சொல்லைச் சொன்னால், "முதலில் பழைய அமைப்பை வைத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள்.

நண்பரின் மகள் அன்று மாலையே இந்தப் படிகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே செய்தாள். விண்டோஸ், உபுண்டு இரண்டும் இப்போது ஒரே கணிப்பொறியில் இயங்குகின்றன. சதாபிஷேகப் படங்களுக்கு ஒரு பிரதி வெளி வட்டிலும் இருக்கிறது. அவள் கற்ற பாடத்தில் அதுவும் ஒன்று.