முதற் கமரா: எதைப் பார்த்து வாங்குவது?

டிஎஸ்எல்ஆர் கமரா வாங்க விரும்பும் மாணவியர் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதையே. ஏ4 அளவுப் பக்கமொன்றை நிரப்பும் படத்தைத் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். கெனன் 1500டி, நிக்கோன் டி3500 போன்ற ஆரம்பநிலைக் கமராக்களிலேயே 24 உண்டு.

பார்க்க வேண்டியது வில்லையை. எஃப் எண் குறையக் குறைய வில்லையின் துவாரம் பெரிதாகும். கமராவுடன் வரும் 18-55 மி.மீ. வில்லை, 55 இல் எஃப் 5.6 வரையே திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையோ ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கலான மண்டபத்தில் பரிசளிப்பு விழாவைப் படமெடுக்கும்போது இந்த வித்தியாசம் புரியும். ஆனால் அதில் சூம் இல்லை. நாமே முன்னும் பின்னும் நடக்க வேண்டும். டி3500 இற்கு மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் இல்லாத பழைய வகை அதில் தானாகக் குவியாது.

பெற்றோரே, பாவித்த கமரா வாங்குவதாயின் வில்லையினூடாக டோர்ச் அடித்துப் பாருங்கள். எமது ஈரலிப்பான காலநிலையில் உள்ளே பூஞ்சணம் படர்வதுண்டு. சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் தவிர்த்துவிடுங்கள். கையிலுள்ள பணம் குறைவெனில் கமராவில் மிச்சம் பிடித்து, நல்ல வில்லைக்குச் செலவிடுங்கள்.