காளான் உணவும் காளான் மாத்திரையும்

சென்னையின் வட பகுதியில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது டோல்கேட். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் கிராம மக்கள் பலர் இச்சாலை வழியே நகருக்கு வந்து செல்கின்றனர். அண்மையில் அங்கு ஒரு மருந்துக் கடையில் நாம் நின்றிருந்தபோது, விவசாயி ஒருவர் தம் பையிலிருந்து சிறு புட்டியொன்றை எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினார். “ஐயா, இந்தக் காளான் மாத்திரையைச் சாப்பிட்டால் சர்க்கரை வியாதி மாத்திரையை நிறுத்திவிடலாமாம். ஊரில் விற்றவர் சொன்னார். நிறுத்தலாமா?” என்று கேட்டார். “டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்” என்றார் கடைக்காரர். அது தக்க விடையே. ஆயினும் இக்கேள்வி இன்று பல ஊர்களிலும் எழுவதால், இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

உணவாகும் காளான்

காளான் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. புதிய காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீரே. எஞ்சிய பங்கில் புரதமும், நார்ச்சத்தும், பி வகை வைட்டமின்களும் உள்ளன. கொழுப்பு மிகக் குறைவு. வெயில் பட வைத்தால் அதில் வைட்டமின் டி உண்டாகிறது. சிப்பிக் காளானையும், நம் நாட்டு வெப்பத்தைத் தாங்கும் பால் காளானையும் வைக்கோலைக் கொண்டே வளர்க்கலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கான முறைகளை வகுத்துத் தந்துள்ளது.

மருந்தெனப்படும் காளான்

புட்டிகளில் விற்கப்படுபவற்றுள் முதன்மையானது கனோடெர்மா என்னும் காளான். சீன வைத்தியத்தில் இது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நம் தென்னை விவசாயிகளுக்கும் இப்பெயர் புதிதன்று. தென்னையின் அடித்தண்டை அழுகச் செய்து, செந்நிறச் சாறு வடியவைக்கும் தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் இவ்வினத்துப் பூஞ்சணமே. பட்ட மரத்தின் அடியில் முளைத்திருக்கும் காளானைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது தவறு. இனமும் அளவும் தெரியாத காளான் எதனையும் மருந்தாகக் கொள்ளலாகாது.

நோய்க்கு இது பயன்படுமா? ஜப்பான் 1985ஆம் ஆண்டில், வேறொரு காளானிலிருந்து எடுத்த லெண்டினான் என்னும் பொருளை, வயிற்றுப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளுடன் சேர்த்து ஊசி மூலம் செலுத்த அனுமதித்தது. எனவே காளானில் ஆராயத்தக்க பொருள்கள் உள்ளன என்பது உண்மையே. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நீரிழிவு உள்ளவர்களுக்கு கனோடெர்மா பயனளிக்கும் என்பதை அச்சோதனைகள் மெய்ப்பிக்கவில்லை என்று 2015இல் அறிவித்தது. புற்றுநோய்க்கு இதனை முதன்மைச் சிகிச்சையாகக் கொள்ளப் போதிய சான்றில்லை என்று 2016இல் கூறியது.

கவனிக்க வேண்டிய தீமைகள்

கனோடெர்மாத் தூளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்களுக்கு இரத்தப்போக்கு மிகக்கூடும். நீரிழிவு மருந்துடன் சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். சாகா என்னும் மற்றொரு காளானின் தூளை நெடுநாள் உண்டதால் சிறுநீரகம் பழுதடைந்ததும் உண்டு. இவை யாவற்றினும் பெரிய தீமை, இதனை நம்பி உரிய சிகிச்சையைக் கைவிடுவதேயாகும்.

சட்டமும் நமது கடமையும்

இத்தகைய சத்துப் பொருள்களின் உறையில் ‘மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று’ என்னும் பொருள்பட அச்சிட வேண்டுமென உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. நீரிழிவையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே வாங்குமுன் உறையைப் படித்தல் வேண்டும். படிக்க இயலாதோர்க்குப் படித்துக் காட்டுதல் வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இச்செய்தியைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. ஊரில் இவ்வகைப் புட்டிகளை விற்க வருவோரின் வாக்குறுதிகளை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டறிந்து மக்களுக்குச் சொல்வார்களாக. முன்னரே இதனை உண்டு வருவோர், அதை மறைக்காமல் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். மாத்திரைப் புட்டிக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு காளான் வித்து வாங்கி, வீட்டு வைக்கோலில் வளர்த்தால், குடும்பம் முழுவதற்கும் சத்துள்ள கறி கிடைக்கும். காளானை நன்கு சமைத்து உண்போம். மருந்தை மருத்துவர் சொற்படி உண்போம்.