கையேந்தி பவன் மேல் பழி போடாதீர்கள்

“அக்கா, புள்ளைங்கள ரோட்டுக் கடைப் பக்கம் கூட்டிட்டுப் போயிடாத. வெளிநாட்டு வயிறு, தாங்காது.”

இதை இன்னும் எத்தனை வீடுகளில் கேட்பேனோ தெரியவில்லை. கிள்ளானிலிருந்து மலேசிய உறவினர் வரலாம், துபாயிலிருந்து பேரப்பிள்ளைகள் வரலாம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு வேலைக்கு வந்த கொரியர் பூந்தமல்லியில் வாடகைக்குக் குடியேறலாம். யார் வந்தாலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அவர்கள் காதில் முதலில் ஓதப்படுவது இதுதான்: ரோட்டுக் கடை ஆபத்து, ஏசி ஓட்டல் பாதுகாப்பு.

உணவிலும் தண்ணீரிலும் கிருமி தேடும் ஆய்வகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவள் நான். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. கிருமிக்கு ஏசியும் தெரியாது, பெயர்ப் பலகையும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை சூடு, நேரம், ஈரம், அழுக்குக் கை ஆகிய நான்குதான்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் திருமுல்லைவாயலில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குக் கிள்ளானிலிருந்து உறவினர் குடும்பம் வந்தது. அவர்களோடு இரண்டு பையன்கள். பத்து நாளும் கால் டாக்ஸியில் ஏற்றி மாலுக்கும், அங்கிருந்து பெரிய ஓட்டலுக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் மதியம் ஒரு பெரிய ஓட்டலில் ஃப்ரைடு ரைஸ். இரண்டு மணி நேரத்தில் சின்னவன் காரிலேயே வாந்தி எடுத்தான். ராத்திரிக்குள் தெளிந்துவிட்டான். அந்தச் சோற்றை யாரும் சோதனைக்கு அனுப்பவில்லை. அதனால் அதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தம்பி உடனே சொன்னது என்ன தெரியுமா? “நேத்து டீக்கடையில ஒரு வடை வாங்கிக் குடுத்தேனேக்கா, அதான்.”

இந்த நம்பிக்கை இப்படித்தான் வளர்கிறது. பெரிய ஓட்டலில் சாப்பிட்ட பிறகு வாந்தி வந்தாலும் பழி வடைக்கு. அந்த வடை, எண்ணெயில் கொதித்து எழுந்த வடை.

பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அரிசியில் அதன் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு வடித்தாலும் அவை சாவதில்லை. வடித்த சோற்றை வெளியே மணிக்கணக்கில் ஆறவிட்டால் வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. பிறகு என்னதான் வாணலியில் போட்டுப் புரட்டினாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. 1970-களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃப்ரைடு ரைஸிலிருந்துதான் மருத்துவ உலகம் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டது. மதியக் கூட்டத்துக்குக் காலையிலேயே சோறு வடித்து வைக்கிற எந்தச் சமையலறையிலும் இது நடக்கலாம். முன்னறையில் ஏசி ஓடுவதால் பின்கட்டுச் சோறு குளிர்ந்துவிடாது.

இனி அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஷிப்டுக்கு முன்னால் நிற்கிற தள்ளுவண்டியைப் பாருங்கள். இட்லி மாவு ராத்திரியெல்லாம் புளித்த மாவு. லியூகோனோஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் அதில் அமிலத்தைக் கூட்டியிருக்கும். நோய் தரும் பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பே ஒத்துவராது. அதன்மேல் கொதிநீரின் ஆவி. ஈடு எடுத்ததும் துணியிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து வாய்க்கு. தோசைக்கல் தண்ணீர் தெளித்தால் சீறுகிற சூட்டில் இருக்கிறது. சாம்பார் அண்டா அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. கிருமி செழிப்பது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். வண்டிக்காரர் சாமான் அந்த இடைவெளியில் தங்குவதே குறைவு, ஏனென்றால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும். அடியில் சின்ன விளக்கு எரிய, மூடி திறந்து திறந்து மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் மதியம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் பஃபே குருமாவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘வெளிநாட்டு வயிறு’ என்பதில் பாதி உண்மை இருப்பதை மறுக்கமாட்டேன். பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பங்கு பாக்டீரியாவால் வருவது. அதில் முன்னணியில் நிற்பது ஒருவகை ஈ.கோலை. நம் குடல் அதைச் சின்ன வயதிலேயே சந்தித்துப் பழகிவிட்டது, வந்தவர் குடல் பழகவில்லை. ஆனால் அந்த ஈ.கோலை மலத்திலிருந்து தண்ணீர் வழியாகவும் கை வழியாகவும் வருவது. அது எந்தக் கடைக்கும் வரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயணிகளுக்காக வெளியிடும் கையேடுகூட, உள்ளூர் உணவகங்களின் சுகாதாரக் குறைவையும் அதன் பின்னால் இருக்கும் கழிவுநீர், குடிநீர் வசதிக் குறைவையுமே பெரிய காரணமாகக் காட்டுகிறது. 

தள்ளுவண்டியிலும் பலவீனம் உண்டு. அதை மறைத்தால் நான் படித்த படிப்புக்குத் துரோகம். முதல் பலவீனம் தேங்காய்ச் சட்னி. பச்சைத் தேங்காய், பச்சைத் தண்ணீர், சென்னை வெயில் மூன்றும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதைத் தொடாதீர்கள். சாம்பார் ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒரே பக்கெட்டில் முக்கி எடுக்கிற டீ கிளாஸும் தட்டும். மூன்றாவது, காசு வாங்கிய கையே வெங்காயத்தை அள்ளுவது. நான்காவது ஐஸ். உறையவைத்தால் கிருமி செத்துவிடாது, தூங்கும், கரும்புச்சாற்றில் விழித்துக்கொள்ளும். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பிய தமிழர்கள் சென்னைக்குக் கொண்டுவந்த அத்தோவை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆறிய நூடுல்ஸைக் கையால் பிசைந்து தருகிற பண்டம் அது, பிசைகிற கையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆக, விருந்தாளிக்குச் சொல்லவேண்டியது “ரோட்டுக் கடைக்குப் போகாதே” என்பதல்ல. ஆவி பறப்பதைச் சாப்பிடு. கூட்டம் நிற்கிற கடையில், கூட்டம் நிற்கிற நேரத்தில் சாப்பிடு. குடிதண்ணீர் டிரம்முக்கு மூடியும் குழாயும் இருக்கிறதா, சொம்பை முக்கி எடுக்கிறார்களா என்று பார். சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவு. இந்த நான்கும் பெரிய ஓட்டலுக்கும் அப்படியே பொருந்தும்.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: கேன் தண்ணீர் என்றால் சுத்தம்.

உண்மை: உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 நவம்பரில் பாட்டில், கேன் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகைகளில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வு தேவை என்றது. கேனில் 14 இலக்க உரிம எண்ணும், தயாரித்த தேதியும் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சி நின்று காவல் காக்கவேண்டும் என்பது நம் தரவிதி. கேனைத் திறந்து, மாதக்கணக்கில் கழுவாத மண்பானையில் கவிழ்த்தால் அந்தக் காவலும் கிடையாது. பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கத்தில் ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2007 முதல் ஓடுகிறது. குழாயில் வருவதைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள், போதும்.

நம்பிக்கை: நம்ம ஊர்க் காரம் வயிற்றைக் கெடுக்கும்.

உண்மை: மிளகாய் எரிச்சல் தரும், தொற்று தராது. கிருமி செய்த வேலையைக் காரத்தின் தலையில் கட்டாதீர்கள்.

நம்பிக்கை: வருமுன் காக்க ஒரு ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: கூடவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கி இரண்டு மாத்திரை போடுவது, கிருமிக்கு நாமே பயிற்சி கொடுப்பது. பெரும்பாலான பயண வயிற்றுப்போக்கு மூன்று முதல் ஐந்து நாளில் தானாக நிற்கும். தேவை உப்பு-சர்க்கரைக் கரைசல். ரத்தம் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ உடனே டாக்டர்.

நம்பிக்கை: டவுன் பஸ்ஸும் மின்சார ரயிலும் வெளியூர்க்காரர்களுக்கு ஆகாது.

உண்மை: சென்ட்ரலில் ஏறினால் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று ஒரே கோட்டில் ஊர்கள் வரும். கூட்டம் அதிகமான காலையும் மாலையும் தவிர்த்தால் போதும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. பூக்கூடைக்காரம்மாவும், கம்பெனிப் பையனும், கல்லூரிப் பெண்ணும் பேசுவதைக் கேட்காமல் ஊரைப் பார்த்தேன் என்று ஒருவர் எப்படிச் சொல்வார்?

நம்பிக்கை: ஆவடி என்பது கவச வண்டிக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்.

உண்மை: படித்தவர்களே இதை விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961-ல். சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தால் நாடெங்கும் பேசப்பட்ட ஆவடி காங்கிரஸ் நடந்தது 1955 ஜனவரியில். தொழிற்சாலைக்கு முன்பே இருந்த ஊர்ப்பெயரைத் தொழிற்சாலை எப்படி வைத்திருக்கும்?

நம்பிக்கை: இந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை, மயிலாப்பூருக்குக் கூட்டிப் போங்கள்.

உண்மை: சுந்தரர் பாடிய மாசிலாமணீஸ்வரர் கோயில் திருமுல்லைவாயலில் இருக்கிறது. ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் பூந்தமல்லி. நம் அப்பாக்கள் மிதித்த சைக்கிள்களைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது அம்பத்தூரில். வேறென்ன வேண்டும்?

இப்போது நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறேன். மேலே தள்ளுவண்டியின் பலவீனங்களாகச் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். பக்கெட்டுத் தண்ணீர், கழுவாத கை, கழுவாத கிளாஸ். இவற்றுக்கெல்லாம் ஒரே காரணம், அந்த இடத்தில் குழாய் இல்லை. ஐந்தாறு குடம் தண்ணீரை வீட்டிலிருந்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து காலை வியாபாரம் முழுவதையும் ஓட்டுகிற அம்மாவிடம் போய் சுத்தம் பற்றிப் பாடம் நடத்த எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிங்கப்பூரைப் பாருங்கள். நம் ஆட்கள் அங்கே போய் உணவு நிலையத்தில் உட்கார்ந்து மலிவாகச் சாப்பிட்டுவிட்டு, “என்ன சுத்தம்!” என்று வியந்து திரும்புகிறார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் சாக்கடை ஓரத்தில்தான் விற்றார்கள். 1968-69-ல் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். 1971 முதல் 1986 வரை குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்ப் பாதையும் உள்ள நிலையங்கள் கட்டி, அவர்களை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அந்த உணவுப் பண்பாடு 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. விரட்டி அடித்திருந்தால் ஏறியிருக்குமா?

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், வியாபாரிகளும் உட்காரும் நகர விற்பனைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. விற்பனைக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஒதுக்குகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழாய், ஒரு சோப்பு, ஒரு வடிகால் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கம் ஒன்றே வயிற்றுப்போக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் மருந்து என் துறையில் வேறு கிடையாது. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மூன்று இடத்திலும் உங்கள் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். அடுத்த முறை தெருவிளக்குக்காக அவரைப் பார்க்கப் போகும்போது, தள்ளுவண்டிகள் நிற்கிற முனையில் ஒரு குழாய் வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால், காலையில் கையைக் கழுவச் சொல்லி, பக்கத்துத் தெரு கையேந்தி பவனுக்குக் கூட்டிப் போங்கள். ஆவி பறக்கிற இட்லி இரண்டு, கொதிக்கிற சாம்பார், கொதித்த பாலில் ஒரு டீ. இந்த ஊரில் ஒரு விருந்தாளிக்கு நீங்கள் தரக்கூடிய பாதுகாப்பான உணவுகளில் அதுவும் ஒன்று.