ஆள் எடுக்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்

பெருநாள், தீபாவளி, கிறிஸ்மஸ் நெருங்கினால் கொழும்பு முதலாளிமாரிடமிருந்து எனக்கு போன் வரும். "ஹட்டன் பக்கம் நல்ல பொடியன்மார் இருந்தால் இரண்டு பேரை அனுப்புங்க நானா." எத்தனை மணிக்குக் கடை பூட்டுவீர்கள், எங்கே படுக்கை, கையில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால், "முதலில் வரட்டும், வந்த பிறகு பேசுவோம்" என்பார்கள்.

வந்த பிறகு பேசுவோம் என்ற பேச்சு மலையகத்துக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்திலும் அதன் பின் தேயிலைக் காலத்திலும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போன கங்காணிமார், செடிக்கு அடியிலேயே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாகத் தோட்டங்களில் இன்றும் சொல்வார்கள். வழிச்செலவும் சாப்பாடும் முன்பணமாகக் கணக்கில் ஏறின. மலை ஏறும்போதே ஆள் கடன்காரன். வேறு தோட்டத்துக்கு மாறக் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டித்தான் ஆளை எடுக்கும். இரவோடு இரவாக ஓடியவர்கள் பலர். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். கங்காணியை மட்டும் திட்டிப் பயனில்லை. காசு கொடுத்து அவரை அனுப்பியவர்கள் துரைமார். பொடியன் அனுப்பச் சொல்லி போன் எடுக்கும் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. வேலை நிபந்தனைகளைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். ஈ.பி.எஃப். தொழிலாளியிடம் 8 வீதம் வெட்டி, நாம் 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப். 3 வீதம் நம்முடையது. 2021இலிருந்து 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கவே முடியாது. வெட்டுப் போகக் கைக்கு வரும் தொகையைப் பொடியனிடம் முதலிலேயே சொல்லுங்கள். முதல் மாதச் சம்பளத்தில்தான் முதல் சந்தேகம் பிறக்கிறது.

இன்னொன்று லீவு. புடவைக் கடைக்குத் தீபாவளி வியாபாரம்தான் உயிர். லயத்தில் பிறந்த பொடியனுக்கும் அதே நாளில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இதை யாரும் ஆள் எடுக்கும்போது பேசுவதில்லை. கடைசிக் கிழமை அவன் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டால், "தோட்டத்துப் பொடியன்மார் நிலைக்க மாட்டான்கள்" என்று குறை சொல்கிறோம்.

என் கடைக்கு ஆள் கேட்டு வந்தால் தகப்பனையும் கூட்டி வரச் சொல்வேன். படுக்கும் அறையைக் காட்டுவேன். மூட்டை தூக்க வேண்டும், சீசனில் இரவு ஒன்பது ஆகும், ஓவர்டைம் இவ்வளவு, தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் வரை கடையில் நிற்க வேண்டும், அதன் பிறகு மூன்று நாள் லீவு என்று தகப்பன் முன்னால் சொல்லி, எழுதியும் கொடுப்பேன். யோசித்துச் சொல்கிறோம் என்று போய் வராதவர்களும் உண்டு. அதில் எனக்கு நட்டமில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கல்லாவில் ஆள் இல்லாமல் நிற்பதுதான் நட்டம்.