பழைய காரின் எஞ்சின் உதறினால்

அம்பாஸிடர் கார்களின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. எனினும் நூற்கட்டுகளையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிச் செல்ல அவ்வண்டியையே இன்னும் நம்பியிருக்கும் அங்கத்தினர் உண்டு. அதன் எஞ்சின் உதறத் தொடங்கினால், பட்டறைக்கு ஓட்டிச் சென்று, "கார்புரேட்டரைக் கழற்றுங்கள்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். நானும் அவ்வாறே செய்தேன். கார்புரேட்டர் கழுவப்பட்டது, பெட்ரோல் பம்பு மாற்றப்பட்டது, பணம் செலவாயிற்று, உதறல் மட்டும் போகவில்லை. முடிவில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்றே காரணம் என்று தெரிந்தது. சோதியாமல் மாற்றச் சொன்னது என் பிழைதான்.

துணியில் குறை கண்டதும் தறியைப் பிரிக்கும் நெசவாளர் எவருமிலர். எந்த இழை அறுந்தது என்றே தேடுவர். எஞ்சினுக்கும் அம்முறையே ஏற்றது. நான்கு சிலிண்டர்களில் எது வேலை செய்யவில்லை என்பதே முதற் கேள்வி.

எஞ்சின் சூடேறிய பின் கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கைப் போடுக. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் உலோக முனை எஞ்சினின் இரும்பைத் தொட்டு நிற்குமாறு வைத்து, மீண்டும் ஓடவிடுக. ஓடும்போது வயரைக் கையால் தொடலாகாது. அதில் பாயும் மின்சாரம் ஆயிரக்கணக்கான வோல்ட் அளவினது. ஓட்டம் முன்னிலும் தளர்ந்தால் அச்சிலிண்டர் நன்றாக உழைத்து வந்தது என்று பொருள். மாறுதல் ஏதும் இல்லையேல் அதுவே சோம்பிக் கிடந்த சிலிண்டர். இவ்வாறு நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

கண்டுபிடித்த சிலிண்டரின் பிளக்கை அடுத்த சிலிண்டரின் பிளக்குடன் மாற்றிப் போடுக. குறை பிளக்கோடு நகர்ந்தால் கோளாறு பிளக்கில். நகராவிட்டால் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பார்க்கவேண்டும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு நோக்கினால், விரிசல் வழியே மின்பொறி கசிவது பல சமயம் கண்ணுக்கே தெரியும். மழைக்காலத்தில் இது மிகுதி. பிளக்கின் முனையும் கதை சொல்லும்: உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் இடைவெளி சுமார் 0.015 அங்குலம். வயர்களைக் கழற்றியவர் திரும்ப மாட்டும்போது 1-3-4-2 என்னும் வரிசையை மறத்தலாகாது. மறந்துவிட்டுப் புதுக் கோளாறு வந்ததாகப் புலம்புவோர் பலர்.

மின்பொறி சரியாயிருந்தும் சிலிண்டர் உழைக்கவில்லையேல் கம்ப்ரெஷன் மீட்டரால் அளக்கவேண்டும். அளவு குறைந்திருந்தால் பிளக் துளை வழியே ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவும். அளவு உயர்ந்தால் ரிங் தேய்வு. உயராவிட்டால் பெரும்பாலும் வால்வு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் அவ்விரண்டின் நடுவே எரிந்திருக்கலாம். இந்த எஞ்சினில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: 1, 2 சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் செல்லும் வழி ஒன்றே; 3, 4க்கும் அவ்வாறே. கம்ப்ரெஷன் குறையாதிருந்தும் இவ்வாறு இணைந்த இரண்டும் தளர்ந்தால் மேனிஃபோல்ட் இணைப்பில் காற்றுக் கசிவைத் தேடுக.

நான்கும் ஒருபோல் தடுமாறினால் பாயிண்ட், கண்டென்சர், டைமிங், பெட்ரோல் ஆகியவற்றின்மீது சந்தேகம் செல்லவேண்டும். 2025ஆம் ஆண்டிலிருந்து பெரும்பாலான பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் கெடுக்கக்கூடும், ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். பல மாதம் நின்ற வண்டியானால் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்கவும். நீர் பிரிந்து அடியில் நின்றால், பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டே மேற்கொண்டு எதையும் தொடவேண்டும்.

இத்தனையும் சரியாயிருந்து, புகைக்குழாயின் ஓசையும் சீராயிருக்க, வண்டி மட்டும் அதிர்கிறதா? எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளை இருபுறமும் விளக்குப் பிடித்துப் பாருங்கள். அவை பிளந்திருந்தால் நல்ல எஞ்சினும் உதறுவதுபோலவே தோன்றும்.