எது வேண்டும் என்று முதலில் கேள்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மீனாட்சி,

ஆக்குளம் 'நிஷ்' நிறுவனத்தில் ஆக்குபேஷனல் தெரபி படிக்க உனக்கு இடம் கிடைத்ததாக அம்மா சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது. "அதுவும் பிசியோதெரபியும் ஒன்றுதானே?" என்று சாலைக் கடைவீதியில் யாராவது கேட்டால், ஒரு சட்டையை வைத்து விளக்கு. பக்கவாதம் வந்தவர் தளர்ந்த கையை முதலில் நுழைத்தால், தானே சட்டை போட்டுக்கொள்ளலாம். கழற்றும்போது நல்ல கை முதலில். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால், இறுக மூடாத விரல்களுக்கும் அது அகப்படும். இப்படி அன்றாட வேலைகளை அவரவர் கைக்குத் திருப்பித் தருவதுதான் உன் படிப்பு.

ஆனால் எந்த வேலையை என்பதை நீ முடிவு செய்யாதே, மக்களே. ஒருவருக்குக் கல்லாவில் உட்கார வேண்டும். இன்னொருவருக்கு, நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி நம் ஆரியசாலை அம்மன் கோவிலில் வந்து தங்கும்போது நேரில் போய்க் கும்பிட வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கிருந்து தொடங்கு. அவர் சக்கர நாற்காலியில் வெளியே வர வாசற்படிக்குச் சாய்தளம் போட, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். நம் தெரு வாசல்களில் அவ்வளவு இடம் ஏது? வீட்டை நேரில் பார்த்தால்தான் வேறு வழி தெரியும்.

கால் குணமாகாமலே வேலை திரும்பக் கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மேரி வர்கீஸ் கொச்சிப் பக்கம் செராயில் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் படித்த டாக்டர். 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்ற வழி அவருக்குத் திறந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் பிறக்கவும் அவரே காரணம். அவர் கால்கள் குணமாகவில்லை. ஆனாலும் டாக்டர் வேலை அவர் கையை விட்டுப் போகவில்லை.

உனக்குக் குறுக்கே நிற்கப்போவது பெரும்பாலும் பாசம்தான். பித்தான் போட அரைமணி ஆகிறதே என்று மகள் ஓடிவருவாள்; ஊட்டிவிட்டே பழகிய அம்மா கிண்ணத்தைத் தரமாட்டாள். அவர்களைக் கடிந்துகொள்ளாதே. அந்த அரைமணியைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொடு. அதுவும் சிகிச்சைதான்.

முதல் விடுமுறையில் ஆய்க்குடிக்குப் போய்வருவோம். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. பாடத்தில் புரியாததை எழுதி வை; அங்குள்ளவர்களிடமே கேட்கலாம்.

அன்புடன்,
அத்தை