உமியின் மதிப்பு எரிக்கும் முறையிலே

நெல்லுக்கு விலை பேசும் அங்கத்தினர் உமிக்கு விலை பேசுவதில்லை. ஆலை அடுப்பில் உமி எரிந்தபின் எஞ்சும் சாம்பலோ பெரும்பாலும் குப்பையாகவே கொட்டப்படுகிறது. அச்சாம்பலோடு நாம் இழக்கும் பொருள் யாது என்பதே இம்மாதப் பாடம்.

100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி உண்டு. அதை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல் கிடைக்கும். நன்கு எரிந்த சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து வேர்வழி உறிஞ்சி உமியில் சேர்த்துவைக்கும் பொருள் இது. மணலிலும் இதுவே உளது. ஆனால் மணலைச் சோடா உப்புடன் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். தக்கவாறு எரித்த உமிச்சாம்பலோ கொதிக்கும் காரநீரிலேயே கரைந்துவிடும். எரிபொருள் மிச்சப்படுவது இதனாலேயே.

மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்தால் ஒரு கூறு நானோமீட்டர். பருத்தி இழையின் பருமன் சுமார் 15,000 நானோமீட்டர். 100 நானோமீட்டருக்குட்பட்ட துகள்களையே நானோத் துகள்கள் என்பர். செய்முறை வருமாறு:

1. உமியை நீரிலும், பின் நீர்த்த சிட்ரிக் அமிலத்திலும் அலசிப் பொட்டாசியம் முதலிய உப்புக்களை நீக்குதல்.

2. நல்ல காற்றோட்டத்துடன் 600 முதல் 700 டிகிரி வரை எரித்தல். இச்சூட்டையும் வீணாக்காது பயன்படுத்தலாம்.

3. சாம்பலைக் காரச் சோடா நீரில் காய்ச்சி வடித்து, அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சிலிக்காவைப் படியச் செய்து, கழுவி உலர்த்துதல்.

இவற்றுள் இரண்டாவதே உயிர்நிலை. சூடு 800 டிகிரியைத் தாண்டினால் சிலிக்கா படிகமாக மாறத் தொடங்கும், எளிதில் கரையாது. அதனினும் பெரிய கேடு, அப்படிகத் தூசி நுரையீரலைத் தாக்குவது. அது புற்றுநோய் விளைவிப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் வகைப்படுத்தியது. சாம்பல் அள்ளுவோர் நம்மவரே என்பதை மறத்தலாகாது. காரநீரை வாய்க்காலில் விட்டால் இத்தொழிலுக்குத் தூய்மை என்னும் பெயரும் தகாது.

டயர் ரப்பரில் உமிச்சாம்பல் சிலிக்காவைச் சேர்க்கப்போவதாகக் குட்இயர் நிறுவனம் 2014இல் அறிவித்தது. ஆகவே இது வெறும் ஆய்வுக்கூட விந்தையன்று. எனினும் சங்கம் எடுத்த எடுப்பில் நானோ ஆலை தொடங்க வேண்டியதில்லை. உமியை ஒன்றுசேர்த்து, சூட்டை அளந்து எரித்து, சாம்பலைச் சோதித்துத் தரம்பிரித்து விற்பதே முதற்படி. தனியொருவர் உமி சொற்பம். 1,000 டன் நெல்லின் சாம்பல் 40 டன்.

கூட்டத்தில் ஆராய வேண்டியவை: நம் ஆலைச் சாம்பல் ஆண்டுக்கு எவ்வளவு? அடுப்பின் சூட்டை அளப்பவர் உண்டா? சாம்பல் அள்ளுவோருக்கு முகக்கவசம் உண்டா?